கூல் அண்டா

தும்பைப்பாடியில் எது காணாமல் போனாலும் செவ்வந்தி வீட்டுக்குத்தான் முதலில் ஆள் வரும். கோழி, கொலுசு, கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிய கன்றுக்குட்டி, பந்தியில் மாறிப்போன செருப்பு என்று எதுவானாலும் சரி. வந்தவர் சொல்லி முடிப்பதற்குள் செவ்வந்தி கூந்தலை அள்ளிக் கொண்டை போட்டு எழுந்துவிடுவாள். அவள் ரேஷன் கடையில் நின்று பேசினால் ஏரிக்கரையில் மாடு மேய்ப்பவருக்குக் கேட்கும். தெருவில் கல்லூரிக்குப் போகிற இளமாறன் அவளுக்கு ‘சி.ஐ.டி. செவ்வந்தி’ என்று பேர் வைத்தான். கேலியாகத்தான் வைத்தான். அவளுக்கு அது பிடித்துப்போய்விட்டது.

அவளுக்கு ஓரடி பின்னால் எப்போதும் தைலம்மாள் நிற்பாள். வெளியூர்க்காரர்கள் அவளைக் கவனிக்க மாட்டார்கள். ஊர்க்காரர்களுக்கோ அவள் செவ்வந்தியின் நிழல் மாதிரி. தடுப்பூசி போட வந்த புது நர்சம்மா ஒருமுறை, “இவங்களுக்குப் பேச்சு வராதா?” என்று கேட்டேவிட்டார்.

“வரும் வரும். உங்களாண்ட பேச இன்னும் பத்து வருசம் ஆவும்” என்றாள் செவ்வந்தி.

தைலம்மாள் ஏழாவதோடு நின்றவள். அம்மா கரும்பு வெட்டப் போனதால், தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் இல்லை. காரணம் அதுதான். ஆனால் தைலம்மாளுக்கு உள்ளுக்குள் வேறொரு கணக்கு இருந்தது. இன்ஸ்பெக்‌ஷன் வந்த அன்று வாத்தியார் அவளை எழுந்து வாசிக்கச் சொன்னார். பாடம் அவளுக்குத் தலைகீழாகத் தெரியும். எழுந்து நின்றாள், நாற்பது தலைகள் திரும்பின, உள்ளங்கை வியர்த்தது. வாய் திறந்தது, சத்தம் மட்டும் வரவில்லை. அதற்கு அடுத்த மாதம் அம்மா பள்ளிக்கூடம் வேண்டாம் என்றபோது, அழவேண்டிய இடத்தில் அவளுக்கு நிம்மதியாக இருந்தது. அதை இன்றைக்கும் யாரிடமும் சொன்னதில்லை.

பேசாதவளுக்குப் பார்க்க நிறைய நேரம் கிடைக்கும். முப்பத்தைந்து வயதுக்குள் தைலம்மாள் பார்த்து வைத்திருந்தது கொஞ்சமில்லை. யார் வீட்டு ஆடு எந்தக் காலைச் சாய்த்து நடக்கும், எந்த வீட்டுக் கோலத்தில் புள்ளி தப்பினால் அந்த வீட்டில் சண்டை, கடைக்காரர் எப்போது கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். கொத்தனார் வேலை பார்க்கும் அவள் புருஷன் கலையரசனும் அதிகம் பேசாதவர்தான். இருவரும் ஒரு மாலை முழுக்க நாலு வார்த்தையில் குடும்பம் நடத்திவிடுவார்கள்.

இந்தக் கூட்டு எட்டு வருஷத்துக்கு முன்பு ஒரு நடவில் ஆரம்பித்தது. லட்சுமியம்மாளின் அடைக்கோழி காணவில்லை. அவர் வரப்பில் நின்று பக்கத்து வீட்டைச் சாடை பேசிக்கொண்டிருந்தார். வரிசையில் பக்கத்தில் குனிந்து நாற்று நட்ட செவ்வந்தியிடம் தைலம்மாள், சேற்றைப் பார்த்தபடியே சொன்னாள்.

“யக்கா, வைக்கப்போரு மேல ரெண்டு நாளா காக்கா குந்திக்கினு கீழயே பாக்குது.”

செவ்வந்தி நிமிர்ந்தாள். “லட்சுமியம்மா! வூட்டு வைக்கப்போர்ல கைய வுட்டுப் பாருங்க! கோழி அங்கதான் இருக்குது!” என்று ஒரே கத்து. போய்ப் பார்த்தால் கோழி, அதன் அடியில் பதினொரு குஞ்சு. எல்லாரும் செவ்வந்தியை வாயைப் பிளந்து பார்த்தார்கள். “நான் எங்க கண்டேன், இதோ இவதான்…” என்று அவள் ஆரம்பித்ததும் தைலம்மாள் அவள் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். “ஸ்ஸ்… ஆமா, நான்தான்” என்று முடித்தாள் செவ்வந்தி.

அன்றிலிருந்து பார்ப்பது ஒருத்தி, கேட்பது ஒருத்தி. கிள்ளு மட்டும் முந்தானைக்கு மாறியது. விசாரணையில் செவ்வந்தி முன்னால் நிற்க, பின்னால் தைலம்மாள் அவள் முந்தானை முனையைப் பிடித்திருப்பாள். ஒரு இழுப்பு என்றால் சொல்வது பொய். இரண்டு இழுப்பு என்றால் இன்னும் கேள். நீளமாக ஒரே இழுப்பு என்றால் போதும், வீட்டுக்கு வா. செவ்வந்தியிடம் உள்ள புடவைகள் எல்லாவற்றிலும் ஒரே முனை நைந்திருக்கும். ஒருமுறை அவசரத்தில் நைட்டியோடு போய்விட்டாள். பின்னால் பிடிக்க ஒன்றும் இல்லை. தைலம்மாள் கையைப் பிசைந்துகொண்டு நிற்க, செவ்வந்தி போட்ட போடில் பாவம் அம்மாசி, தான் எடுக்கவே எடுக்காத மண்வெட்டியை எடுத்ததாக ஒப்புக்கொண்டார். அதற்குப் பிறகு நைட்டி மேல் ஒரு துண்டு கட்டாயமானது.

குணத்தில் இரண்டு பேருக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. செவ்வந்தி போகும் வழியிலேயே ஆளை முடிவு செய்துவிடுவாள்.

“பச்சமுத்துதான் எடுத்திருப்பான். மூஞ்சியே சரியில்ல அவனுக்கு.”

“அவரு மூஞ்சி எப்பவும் அப்பிடித்தானேக்கா.”

“அப்ப எப்பவும் எடுக்கிறான்னு அர்த்தம்.”

தைலம்மாள் சிரித்துவிடுவாள். அவள் பல் தெரியச் சிரிப்பது செவ்வந்தியிடம் மட்டும்தான்.

இப்படி ஊர்ப் பொருளையெல்லாம் கண்டுபிடித்த செவ்வந்தி மேலேயே போன ஆடியில் பழி விழுந்தது. விழுந்தது ஒரு அண்டாவால்.

அந்த அண்டாவுக்கு ஒரு கதை உண்டு. மருமகள் சந்தியாவுக்குக் குழந்தை பிறந்தால் மாரியம்மன் கூழுக்கு அண்டா வாங்கித் தருவதாக லட்சுமியம்மாள் வேண்டிக்கொண்டார். ஐந்து வருஷத்துக்கு முன்பு பேத்தி பிறந்ததும் செவ்வந்தியையும் தைலம்மாளையும் கூட்டிக்கொண்டு கள்ளக்குறிச்சி பாத்திரக்கடைக்குப் போய், இரண்டு பேர் தூக்க வேண்டிய கனத்த அலுமினிய அண்டாவாகப் பார்த்து வாங்கினார். விளிம்புக்குக் கீழே ‘கூழ் அண்டா’ என்று பேர் வெட்டச் சொன்னார். வெட்டுகிறவர் உளியைத் தட்டித் தட்டி ‘கூல் அண்டா’ என்று வெட்டிவிட்டார். இளமாறன் படித்துவிட்டுக் கோயில் வாசலில் உருண்டு சிரித்தான். தெருவே சிரித்தது. லட்சுமியம்மாள் மட்டும், “எளுத்து எப்பிடி இருந்தா இன்னா, கூழு கூழாத்தான இருக்கும்” என்றார்.

அண்டா மகளிர் குழுக் கொட்டகையில் இருக்கும். சாவி செவ்வந்தியின் இடுப்பில். விசேஷத்துக்குக் கேட்டால் குழுவில் சொல்லிவிட்டுக் கொடுத்து வாங்குவது அவள் பொறுப்பு. கூழ் ஊற்றும் அன்று கரண்டி பிடிப்பதும் அவள்தான். “கூழு வாங்க வாங்க” என்று அவள் கூப்பிடும் கூப்பாட்டுக்குப் பக்கத்து ஊர்க்காரர்களே சொம்பை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கூழ். சனிக்கிழமை பொழுது சாயுமுன் கேழ்வரகு மாவைக் கரைத்து வைத்தாக வேண்டும். காலையில் பெண்கள் அண்டாவை அடிபம்புக்கு உருட்டி வந்து தேய்த்தார்கள். போன விசேஷத்தில் பூசிய மண் புகையேறிக் கறுத்து அப்படியே காய்ந்து கிடந்தது. விறகு அடுப்பில் ஏற்றும்போது கரி பிடிக்காமல் இருக்க வெளிப்பக்கம் மண் பூசுவது வழக்கம். தேய்த்த சந்தியா மண்ணெல்லாம் போனதும் தண்ணீர் ஊற்றிச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

“அத்தே, பேரக் காணோம்.”

லட்சுமியம்மாள் வந்து அண்டாவின் வளையத்தைப் பிடித்துத் தூக்கினார். ஒற்றைக் கையில் வந்துவிட்டது.

“இன்னாடி செவ்வந்தி இது? என் அண்டா எங்க?”

செவ்வந்தி வாயைத் திறந்தாள். “அது… அதேதான்மா…”

“அதேவா? அத நானும் என் மருமவளும் சேந்து தூக்கணும். இத கொழந்த தூக்கும்.”

“சாவி யாராண்ட இருக்குது?” என்று ஒரு குரல். “ஊரு பொருளெல்லாம் கண்டுபுடிக்கிறவளுக்கு ஒளிச்சு வெக்கவா தெரியாது?” என்று இன்னொன்று. யார் சொன்னது என்று தைலம்மாள் பார்த்துவிட்டாள். சொன்னவள் உடனே சேலையைச் சரிசெய்வது போலக் குனிந்துகொண்டாள்.

வழக்கமாக இந்தப் பேச்சுக்குச் செவ்வந்தி பத்துப் பேச்சு பேசியிருப்பாள். அன்று ஒன்றும் வரவில்லை. அடிபம்பின் சிமென்ட் மேடையில் உட்கார்ந்தாள். இடுப்பிலிருந்து சாவியை எடுத்துக் கவிழ்த்த அண்டா மேல் வைத்தாள்.

“நாளைக்கு நான் கரண்டி புடிக்கல. கோயிலு பக்கமே வரல” என்றாள். அவள் இவ்வளவு மெதுவாகப் பேசி தைலம்மாள் கேட்டதே இல்லை.

பழக்கத்தில் தைலம்மாளின் கை செவ்வந்தியின் முந்தானைக்குப் போனது. இரண்டு இழுப்பு. கேளுக்கா, இன்னும் கேளு.

“வுடுடி தைலம்” என்று முந்தானையைப் பிடுங்கிக்கொண்டாள் செவ்வந்தி.

தைலம்மாள் திரும்பி அண்டாவைப் பார்த்தாள். இப்போதைக்குப் பார்க்க முடிந்தது அது ஒன்றுதான். வளையம் பொருந்துகிற இடத்தில், தேய்ப்பவர் விரல் நுழையாத இடுக்கில், என்னவோ ஒட்டியிருந்தது. வளையலில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றிச் சுரண்டினாள். செக்கச்செவேலென்று மண். அதோடு சாமை உமி ஒன்று. தும்பைப்பாடியில் அண்டாவுக்குப் பூசுவது ஏரி வண்டல், கன்னங்கரேல் என்றிருக்கும். சாமையை இங்கே யாரும் விதைப்பதில்லை; செம்மண்ணும் சாமையும் வெள்ளிமலைப் பக்கம்தான்.

“செம்மண்ணு” என்றாள். யாருக்கும் கேட்கவில்லை.

“செம்மண்ணு இருக்குது.” அதுவும் கூச்சலில் அமிழ்ந்துபோனது.

கீழே கிடந்த தேய்க்கிற கல்லை எடுத்து அண்டாவில் ஓங்கி ஓர் அடி அடித்தாள். ணங்கென்று கோயில் மணி மாதிரி எழுந்த சத்தத்தில் சாவி துள்ளித் தரையில் விழுந்தது. எல்லாத் தலைகளும் திரும்பின.

அதே தலைகள். அதே உள்ளங்கை வியர்வை. வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. ஏழாம் வகுப்பு வாத்தியார் எங்கிருந்தோ வந்து முன்னால் நிற்பது போல இருந்தது.

அப்போது பின்னாலிருந்து அவளுடைய முந்தானை அசைந்தது. ஒரு இழுப்பு. இன்னொரு இழுப்பு.

திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டியிருக்கவில்லை.

“இது நம்ம அண்டா இல்ல” என்றாள் தைலம்மாள். குரல் நடுங்கியது, ஆனால் வந்தது. “மலை அண்டா. இடுக்குல செம்மண்ணு இருக்குது, சாமை உமி இருக்குது.”

கோயிலுக்கு விறகு ஏற்றிப் போகத் தன் லோடு ஆட்டோவோடு பச்சமுத்து ஓரமாக நின்றிருந்தார். தைலம்மாள் அவர் பக்கம் திரும்பினாள். அவர் சும்மாவே ஆட்டோக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

“பச்சமுத்தண்ணே. வைகாசில மலைக்காரங்க காதுகுத்துக்கு அண்டா குடுத்தோம். நீங்கதான திரும்ப ஏத்திக்கினு வந்தீங்க?”

“ஆமா தாயி.”

“அன்னிக்கு அங்க மழையா?”

“செம மழை. ஓடி ஓடித்தான் ஏத்தினேன்.”

“அங்க எத்தினி அண்டா இருந்துச்சு?”

“ஒண்ணுதான்.”

முந்தானையில் ஒரு இழுப்பு. அது தேவையே இல்லை, அவளே பார்த்துவிட்டாள். ஆனாலும் அந்த இழுப்பு உடம்பெல்லாம் தெம்பாகப் பரவியது.

“ஒரு அண்டாவுல சோறு ஆக்கினாங்க. சாம்பாரு எதுலண்ணே காய்ச்சினாங்க? உங்க ஆட்டோவுலயா?”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பச்சமுத்து துணியை மடித்துப் பையில் வைத்தார்.

“ரெண்டு இருந்துச்சு. ரெண்டும் வெளிம்பு வரைக்கும் மண்ணு பூசி ஒரே மாறி இருந்துச்சு தாயி. பேரு எங்க தெரியுது? கைக்கு வந்தத ஏத்திட்டேன். அப்புறம் லேசா இருக்குதேன்னு தோணுச்சு. திட்டுவீங்கன்னு சொல்லல.”

“நானும் பாக்கல” என்றாள் செவ்வந்தி பின்னாலிருந்து. “நானே தேச்சிக்கிறேன் எறக்குன்னு சொல்லிட்டுப் பேசிக்கினே இருந்துட்டேன். அப்பிடியே உள்ள கவுத்துட்டேன்.”

லட்சுமியம்மாள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கீழே கிடந்த சாவியை எடுத்துத் துடைத்துச் செவ்வந்தியின் மடியில் போட்டார். “மலைக்குப் போன் போடு.”

“அங்க டவர் கெடைக்காதும்மா.”

“அப்ப வண்டிய எடுடா பச்சமுத்து. பொழுது சாயறதுக்குள்ள மாவு கரைக்கணும்.”

லட்சுமியம்மாள் முன்னால் ஏறிக்கொண்டார். பின்னால் அந்த லேசான அண்டாவை நடுவில் வைத்து இருவரும் இரண்டு பக்கமும் உட்கார்ந்தார்கள். கச்சிராயபாளையம் தாண்டும்வரை செவ்வந்தி வாயைத் திறக்கவில்லை. கோமுகி அணையில் தண்ணீர் பளபளத்தது. முதல் வளைவில் காற்று குளிர்ந்தது. இரண்டாவது வளைவில் ஒரு குரங்கு அண்டாவை எட்டிப் பார்த்தது. மூன்றாவது வளைவில் செவ்வந்திக்குக் குரல் திரும்பிவிட்டது.

“ஏண்டி, ஆட்டோவுலயா காய்ச்சினாங்கன்னு எப்பிடிடி கேட்ட? எனக்கே வந்திருக்காது அது!”

“தெரியலக்கா. தானா வந்துச்சு.”

“எட்டு வருசமா பின்னால நின்னு என் வாய மொத்தமா திருடிட்ட நீ. இருடி, போலீசுல சொல்றேன்.”

மேலே வெள்ளிமலை போகும் வழியில் பிரிகிற ஒரு சின்ன ஊரில், காதுகுத்து நடந்த பொன்னியின் வீடு. சந்தையில் புளியும் கடுக்காயும் விற்க வந்து செவ்வந்திக்குப் பழக்கமானவள். ஆட்டோவில் அண்டாவைப் பார்த்ததும் கையிலிருந்த முறத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

“எங்க அண்டா! அக்கா, எங்க அண்டா உங்களாண்டயா இருக்குது? நாங்க இன்னா நெனச்சோம் தெரியுமா? காதுகுத்து முடிஞ்சு தூக்கறோம், தூக்க முடியல. எங்க மாமியா, சாமி வந்து உக்காந்துட்டுது, கனத்துப்போச்சுன்னு சூடம் கொளுத்திடுச்சு!”

“அப்புறம்?”

“அப்புறம் தேச்சா பேரு தெரிஞ்சுது. ‘கூல் அண்டா’ன்னு. உங்களுதத்தான் அன்னிக்கே ஏத்திவுட்டோமே. அட, கூல்டிரிங்ஸ் கடை அண்டாடான்னு வெள்ளிமலையில ஒரு கடை வுடாம கேட்டோம். யாரும் எங்களுது இல்லன்னுட்டாங்க. கேட்டு வந்தா குடுக்கலாம்னு வெச்சிக்கினு இருக்கோம்.”

லட்சுமியம்மாள் ஆட்டோவிலிருந்து இறங்கினார். “என் அண்டா எங்கம்மா?”

பொன்னி தயங்கித் தயங்கிக் கொல்லைப்பக்கம் கூட்டிப் போனாள். வேப்பமர நிழலில் கூல் அண்டா நின்றது. உள்ளே பாதி வரை எலுமிச்சம்பழ சர்பத்து, மேலே மிதக்கும் தோல்.

“இன்னிக்கு இங்க பசங்க வெளையாட்டுப் போட்டி. கூல்னு போட்டிருக்குதே, இதுக்குத்தான் போலன்னு…”

லட்சுமியம்மாள் அண்டாவுக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு தலையில் கை வைத்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்து வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டார். பச்சமுத்து யாரும் சொல்லாமலே ஒரு டம்ளரை எடுத்து மொண்டு குடித்து, “சக்கர கம்மி” என்றார்.

சர்பத்தைக் குடங்களுக்கு மாற்றி, அண்டாவைக் கழுவி, நாலு பேர் சேர்ந்து ஏற்றினார்கள். பொன்னி ஒரு படி சாமையை வைத்து, கூழில் போடச் சொன்னாள். இறக்கத்தில் தைலம்மாள், வெட்டியிருந்த எழுத்தின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே வந்தாள்.

“யக்கா. ஒண்ணு சொல்லணும்.”

“சொல்லு.”

“இந்த ‘ல்’ வெட்டும்போது நான் கடையில பக்கத்துலயே நின்னேன். தப்புன்னு தெரிஞ்சுது. வாயத் தொறந்தேன். அந்தாளு நிமிந்து பாத்தாரு. மூடிக்கினேன்.” எழுத்திலிருந்து விரலை எடுத்தாள். “அன்னிக்கே சொல்லியிருந்தா, இவங்க கூழுன்னு படிச்சு எப்பவோ குடுத்தனுப்பியிருப்பாங்க. உன்னை யாரும் ஒரு பேச்சு பேசியிருக்க மாட்டாங்க.”

தைலம்மாள் திட்டு விழும் என்று குனிந்தாள்.

“அடிப்பாவி!” என்றாள் செவ்வந்தி. “அஞ்சு வருசமாவா இத வயித்துலயே வெச்சிக்கினு இருந்த? எனக்கா இருந்தா அஞ்சு நிமிசத்துல வெடிச்சிருப்பேன்!” அவள் சிரித்த சிரிப்பு காலி அண்டாவுக்குள் புகுந்து எதிரொலித்தது. முன்னாலிருந்து லட்சுமியம்மாள், “இன்னாடி அங்க?” என்று அதட்டினார். “ஒண்ணும் இல்லம்மா, அண்டா பேசுது” என்றாள் செவ்வந்தி.

வெயில் இருக்கும்போதே மாவு கரைத்தாகிவிட்டது. மறுநாள் செவ்வந்தி கரண்டி பிடித்தாள். கூப்பாட்டுக்குப் பக்கத்து ஊர் சொம்புகள் வழக்கம்போல் வந்தன. பம்படியில் குனிந்துகொண்ட பெண்ணும் வந்தாள். செவ்வந்தி அவளுக்கு ஒரு கரண்டி ஜாஸ்தி ஊற்றி, “குடி, சத்தமாப் பேசத் தெம்பு வேணுமில்ல” என்றாள். எழுத்தைத் திருத்தி வெட்டலாமா என்று லட்சுமியம்மாள் கேட்டதற்குத் தெருவே கூடாது என்றுவிட்டது. மலையிலேயே கண்டுபிடித்துக் கொடுத்த எழுத்தாம். உண்மையில் தொலைத்ததும் அந்த எழுத்துதான் என்று தெரிந்த இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்காமல் வெங்காயம் உரித்தார்கள்.

கூழ் தீரும் நேரத்தில் அம்மாசி வந்தார். செவ்வந்தியைத் தாண்டி நேராகத் தைலம்மாள் முன்னால் வந்து நின்றார்.

“தைலம்மா, என் வெள்ளாட்டுக் குட்டியக் காணோம்மா.”

இப்படி யாரும் அவளை நேராகக் கேட்டதில்லை. நாலு பேர் திரும்பினார்கள். தைலம்மாள் உள்ளங்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

“கடைசியா எங்கண்ணே பாத்தீங்க?” என்றாள். அந்த ஒன்றைக் கேட்டுவிட்டு, ஓரடி பின்னால் போய்ச் செவ்வந்திக்குப் பின் நின்றுகொண்டாள். அவளுக்கு அங்கிருந்துதான் நன்றாகத் தெரியும்.

செவ்வந்தி கரண்டியை வைத்துவிட்டுக் கூந்தலை அள்ளி முடிந்தாள்.

“இதுல கேக்கறதுக்கு இன்னா இருக்குது? பச்சமுத்துதான்! நேத்திலேருந்து அவன் மூஞ்சியே…”

தைலம்மாள் முந்தானையைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தாள்.